அணிக்கு அழைத்தபோது சொன்ன வார்த்தை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சுமார் 1,500 மாணவர்கள் படிக்கும் ஒரு சிறிய தனியார் கல்லூரியில், 2013 முதல் ஆண்கள் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருக்கிறேன். எங்கள் அணியின் ஆட்டங்கள் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து நவம்பர் முதல் வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆண்டின் 52 வாரங்களில் போட்டி நடப்பது ஏறக்குறைய பத்து வாரங்கள் மட்டுமே என்றால், மீதமுள்ள காலத்தில் பயிற்சியாளருக்கு என்ன வேலை என்று ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் கேட்பதுண்டு. அந்த நாட்களில் நான் பதினேழு வயதுப் பையன்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் எங்கள் கல்லூரிக்கு வரும்படி பேசிக்கொண்டிருக்கிறேன். அப்படிப் பேசும்போது நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் பின்னர் நான்கு ஆண்டுகள் என்னோடு மைதானத்துக்கு வருகிறது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து ஆண்டுகளும் ஒரு பையனின் கால்பந்து வாழ்க்கையும் செலவாயின. இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்களுக்காக அதை விரிவாக எழுதுகிறேன்.

நான் பிறந்தது குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூருக்கு அருகே. அங்கே கால்பந்து விளையாடாத வீடு அரிது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அண்ணன் கடலுக்குப் போகிறவர். கரையில் இருக்கும் நாட்களில் மாலையில் வந்து நிற்பார். கோயில் திருவிழாப் போட்டிகளுக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும்போது, இடம் கிடைக்காதவன் வீட்டுக்கு முந்தைய நாள் இரவே நடந்து போய், முற்றத்தில் நின்று, அவனிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு வருவார். மறுநாள் பெயர்ப் பட்டியலில் தன் பெயர் இல்லாததை ஊர் முன்னால் எந்தப் பையனும் கண்டுபிடிக்க நேர்ந்ததில்லை. அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

2004-இல் உடற்கல்வியில் முதுகலை படிக்க அமெரிக்கா வந்தேன். படிப்புக் கட்டணத்துக்கு ஈடாக அணியில் வேலை செய்யும் பட்டதாரி உதவியாளர் இடம் கிடைத்தது. பந்துகளுக்குக் காற்றடிப்பது, சீருடைகளைத் துவைக்கப் போடுவது, எதிரணியின் ஆட்டப் பதிவுகளை வெட்டித் தொகுப்பது, வேன் ஓட்டுவது ஆகியவற்றோடு, எஞ்சிய நேரத்தில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். பின்னர் இரண்டு கல்லூரிகளில் ஏழு ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு செய்தி பயன்படும்: லாப நோக்கமற்ற கல்லூரிகள் மூலம் பெறும் ஹெச்-1பி வேலை விசாவுக்கு, தனியார் நிறுவனங்களுக்கு இருக்கும் ஆண்டு எண்ணிக்கை வரம்பும் குலுக்கலும் கிடையாது. ஆனால், முழுநேர உதவிப் பயிற்சியாளர் பதவியையே உருவாக்காத சிறிய கல்லூரிகள் பல உள்ளன. அங்கே விசாவுக்கு வழி கிடைப்பது கடினம். நேர்காணலின் முடிவில் தயங்கிக் கேட்பதைவிட, விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டுவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பில் மூன்று பிரிவுகள் உள்ளன. முதல் பிரிவில் ஆண்கள் கால்பந்து அணிக்கு நெடுங்காலம் 9.9 முழு உதவித்தொகைகள் என்ற வரம்பு இருந்தது. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களுக்கு அதைக் கூறு போட்டுக் கொடுப்பார்கள். ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் இணைந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. மூன்றாம் பிரிவில் இருக்கும் எங்களுக்கு இவை எதுவும் பொருந்தாது. இங்கே விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை கொடுக்கக் கூடாது. படிப்புக்காகவும் குடும்பத்தின் பணத் தேவைக்காகவும் கொடுக்கலாம். அந்தத் தொகையை முடிவு செய்வது நிதியுதவி அலுவலகம். பயிற்சியாளருக்கு அதில் கை கிடையாது. இந்தப் பிரிவில் மட்டும் ஆண்கள் கால்பந்து ஆடும் கல்லூரிகள் நானூறுக்கும் மேல். ஆக, கொடுப்பதற்குக் கையில் பணம் இல்லாத பயிற்சியாளர் ஒரு பையனுக்குக் கொடுக்கக்கூடியது வார்த்தை ஒன்றுதான். அதனால்தான் அந்த வார்த்தை தாராளமாகிவிடுகிறது.

அதைத் தாராளமாக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களைப் போன்ற கல்லூரிகள் மாணவர் கட்டணத்தையே பெரிதும் நம்பி நடப்பவை. 2008-க்குப் பிறகு அமெரிக்காவில் பிறப்புகள் குறைந்ததால், கல்லூரி வயதை எட்டுவோர் எண்ணிக்கை இந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சரியும் என்று நிர்வாகிகள் வெகுநாளாகவே கவலைப்பட்டு வந்தார்கள். விளையாட வருகிற மாணவன் கட்டணம் செலுத்தும் மாணவனும் ஆவான். எனவே பல சிறிய கல்லூரிகளில் பயிற்சியாளருக்கு ஆண்டுதோறும் இத்தனை புதியவர்களைக் கொண்டுவர வேண்டும் என்று ஓர் இலக்கு இருக்கும். எனக்குச் சொல்லப்பட்ட எண் பன்னிரண்டு. ஆறே மாதங்களில் அதைக் கடந்து பதினைந்து பேரைக் கொண்டுவந்தபோது எல்லோரும் பாராட்டினார்கள், நானும் மகிழ்ந்தேன். 2016 ஆகஸ்டில் பயிற்சி முகாம் தொடங்கிய நாளில் என் முன்னால் 41 பேர் நின்றார்கள். ஆடத் தொடங்குபவர்கள் 11 பேர். தாராளமாகக் கணக்கிட்டாலும் ஓர் ஆட்டத்தில் காலடி வைப்பவர்கள் பதினெட்டு, இருபது பேர். மற்றவர்களுக்கும் நான் அவரவர் வீட்டில் அமர்ந்து ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தேன்.

அவர்களில் ஒருவன் ஓஹையோவிலிருந்து வந்த கோல்கீப்பர். அவன் வீட்டுச் சமையலறை மேசையில் அவனுடைய தாயாரின் எதிரே அமர்ந்து, இரண்டாம் ஆண்டில் அவனே எங்கள் முதல் கோல்கீப்பராக இருப்பான் என்று எதிர்பார்ப்பதாகச் சொன்னேன். சொன்னபோது அது உண்மையாகவே என் எண்ணம். அடுத்த கோடையில், இரண்டு ஆண்டுகள் ஆடும் தகுதி மீதமிருந்த, அவனைவிட அனுபவமுள்ள ஒரு கோல்கீப்பர் வேறு கல்லூரியிலிருந்து மாறி வர விரும்பினான். அவனைச் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பருவத்தில் நாங்கள் நன்றாக ஆடினோம். கான்ஃபரன்ஸ், அதாவது எங்கள் கல்லூரிக் கூட்டமைப்பின் போட்டியில் அரையிறுதி வரை போனோம். ஓஹையோப் பையன் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. முடிவு எடுத்ததற்கு முன்னும் பின்னும் நான் அவனை அழைத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பயிற்சியில் போட்டி போட்டு இடத்தைப் பிடிக்க வேண்டியது அவன் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நவம்பரில் அவனுடைய தாயார் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை. “கோச், நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று சொன்னவற்றை நான் ஒரு தாளில் எழுதி வைத்தேன். அதை வாசிக்கட்டுமா?” என்று கேட்டு, நிதானமாக வாசித்தார். நான் சொன்ன வாக்கியம் அப்படியே இருந்தது. “இதற்காக அவன் வேறு இரண்டு கல்லூரிகளை வேண்டாம் என்று சொன்னான், ஆடமுடியாமல் போனதற்காக நான் அழைக்கவில்லை, மாறிவிட்டது என்று நீங்கள் அவனிடம் சொல்லவில்லை, அதற்காகத்தான் அழைத்தேன்” என்றார். பையன் அந்தக் குளிர்காலத்தில் அணியிலிருந்து விலகினான். படிப்பை எங்கள் கல்லூரியிலேயே முடித்தான். மேலும் இரண்டரை ஆண்டுகள், வகுப்புக்குப் போகும் வழியில் அவன் மைதானத்தைக் கடந்து போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரையில் எங்கள் அண்ணன் ஏன் இரவில் அவ்வளவு தூரம் நடந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதன் பின் செய்துகொண்ட மாற்றங்களைச் சொல்கிறேன். முதலாவது, எந்தப் பையனிடமும் எந்த ஆண்டில் ஆடுவான் என்று சொல்வதை அடியோடு நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக அவன் ஆடும் இடத்தில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் எத்தனை ஆண்டுகள் மீதமுள்ளன, அதே இடத்துக்கு இந்த ஆண்டு இன்னும் எத்தனை பேரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதைப் பெயர்கள் இல்லாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டுகிறேன். வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களை எடுப்பேன் என்பதையும் அப்போதே சொல்கிறேன். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பெயரைப் பதியும் இடமாற்றப் பதிவு முறை 2018 அக்டோபரில் வந்ததிலிருந்து முதல் பிரிவில் இது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. அதன் அலை எங்கள் வரைக்கும் வந்து சேர்கிறது. அப்படி ஒருவனை எடுக்க முடிவு செய்தால், அவனிடம் ஆம் என்று சொல்வதற்கு முன், ஏற்கெனவே அந்த இடத்தில் இருப்பவனை அழைத்துப் பேசுகிறேன்.

சந்திப்பு முடிந்த மறுநாள், பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிக் குடும்பத்துக்கு அனுப்புகிறேன். சேர்க்கை அலுவலகம் மதிப்பெண்களைப் பார்த்து என்ன சொன்னது, நிதியுதவி பற்றி எனக்கு எது தெரியும், எதைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை ஆகியவை அதில் இருக்கும். 2024 வசந்தத்தில் இந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்ஸாவின் புதிய வடிவம் வழக்கமான அக்டோபருக்குப் பதிலாக டிசம்பர் இறுதியில்தான் வெளிவந்தது; கல்லூரிகளுக்குத் தரவுகள் வந்துசேர மார்ச் மாதம் ஆகிவிட்டது. மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டிய குடும்பங்களுக்கு, தாங்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதே தெரியவில்லை. ஓர் எண்ணை உத்தேசமாகச் சொல்லிவிட வேண்டும் என்ற நெருக்கடி எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் இருந்தது. நான் சொல்லவில்லை. இரண்டு நல்ல தடுப்பாட்டக்காரர்களை அந்த ஆண்டு இழந்தேன். வந்து சேர்ந்தவர்களில் எவரும், பணத்தைப் பற்றி நான் தவறாகச் சொன்னதாக என் அறைக்கு வந்ததில்லை.

அடுத்தது, அணியின் அளவு. இதை மாற்றுவதற்குத்தான் அதிகத் துணிவு தேவைப்பட்டது, ஏனென்றால் இங்கே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில்தான் பெரும்பாலான பயிற்சியாளர்கள் வேலை செய்கிறோம். விளையாட்டுத் துறை இயக்குநரிடம் வாதாடுவதற்கு முன், முந்தைய மூன்று ஆண்டுகளில் அணியை விட்டு விலகியவர்கள் ஒவ்வொருவரும் பிறகு என்ன ஆனார்கள் என்று கணக்கெடுத்தேன். முதலாண்டிலேயே விலகிய ஏழு பேரில் நான்கு பேர் கல்லூரியையும் விட்டுப் போயிருந்தார்கள். பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்து நான்கு பேரை இழப்பதைவிட ஒன்பது பேரைக் கொண்டுவந்து ஒன்பது பேரையும் பட்டம் வாங்க வைப்பது கல்லூரிக்கு நல்லது என்று அந்தத் தாளை மேசையில் வைத்தேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஓராண்டு பார்க்கலாம் என்றார். இன்று எங்கள் அணி 32 பேர். நிர்வாகத்திடம் பயிற்சியாளர் தன் மனக்குறையைக் கொண்டுபோனால் அது குறையாகவே நின்றுவிடும். கல்லூரியின் கணக்கில் எழுதிக் கொண்டுபோனால் பேச்சு நடக்கும்.

முப்பத்திரண்டு பேரில் பெரும்பாலோரை ஆட வைக்கக் கல்லூரிக் கால்பந்தின் விதிகளும் உதவுகின்றன. உலகக் கோப்பை ஆட்டங்களில் வெளியே வந்தவர் மீண்டும் உள்ளே போக முடியாது. கல்லூரி ஆட்டத்தில், முதல் பாதியில் வெளியே வந்தவர் இரண்டாம் பாதியில் திரும்பலாம். இரண்டாம் பாதியில் வெளியே வந்தவர் ஒருமுறை திரும்ப வரலாம். இதனால் கால்பந்தின் இயல்பான ஓட்டம் கெடுகிறது என்று குறைசொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஆட்டம், இடையில் தேர்வுகள் என்று ஓடும் பையன்களுக்கு அது மூச்சுவிட இடம் தருகிறது. பெஞ்சில் இருப்பவனுக்கு இருபது நிமிடம் தருகிறது. அதோடு, பக்கத்துக் கல்லூரிகளோடு பேசி, இருப்பு ஆட்டக்காரர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு ஆட்டங்கள் ஏற்பாடு செய்கிறேன். அவற்றுக்கும் அதே சீருடை, அதே நடுவர்கள், அதே ஆட்டப் பதிவு. முந்தைய நாள் ஆட்டத்தால் நான் எவ்வளவு சோர்ந்திருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கோட்டோரம் நிற்கிறேன். உதவியாளரை அனுப்பினால் அந்த ஆட்டத்தின் மதிப்பு அன்றே போய்விடும்.

வெளியூர் ஆட்டங்களுக்குப் பேருந்தில் 24 பேரைத்தான் அழைத்துப் போகிறோம். மீதமுள்ள எட்டுப் பேரையும் வியாழக்கிழமை மாலைக்குள் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணம், அடுத்த வாரம் எதைச் செய்தால் நிலை மாறும் என்பதற்கு ஒரு வழி. இரண்டும் உண்மையாக இருக்க வேண்டும். மாற வாய்ப்பே இல்லையென்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். இருபது வயது இளைஞனால் கசப்பான உண்மையைத் தாங்க முடிகிறது. தெளிவில்லாமல் வைத்திருப்பதைத்தான் தாங்க முடிவதில்லை. பெற்றோரைப் பொறுத்தவரை, மகன் எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்பதைப் பற்றி அவர்களோடு பேசமாட்டேன் என்று சேர்க்கையின்போதே சொல்லிவிடுகிறேன். உடல்நலம், படிப்பு, மனநிலை பற்றி எந்நேரமும் அழைக்கலாம். அன்று அழைத்த தாயாரின் கேள்வி நேரத்தைப் பற்றியதே அல்ல என்பதால், இந்த விதி அவரைத் தடுத்திருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன்.

புதிதாகத் தலைமைப் பொறுப்புக்கு வருபவர்கள் கவனிக்க மறப்பது ஒன்று உண்டு. நீங்கள் வாங்கிக்கொள்ளும் அணியோடு, உங்களுக்கு முன் இருந்தவர் கொடுத்த வாக்குறுதிகளும் சேர்ந்தே வருகின்றன. 2013-இல் நான் பொறுப்பேற்றபோது இருந்த 27 பேரிடமும் என் ஆட்டமுறையை விளக்கினேன். அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. முதல் பருவத்தின் பாதியில் அணி இரண்டாகப் பிரிந்தது. “இங்கே வரும்போது உன்னிடம் என்ன சொன்னார்கள்?” என்ற ஒரு கேள்வியை முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரிடமும் கேட்டிருந்தால் அதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். எல்லா வாக்குகளையும் நிறைவேற்ற வேண்டியதில்லை. அவற்றை அறிந்துவைத்திருக்க வேண்டும். ஜூலியான் சிட்ச் 2022-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆண்கள் அணியின் பொறுப்பை ஏற்று, அதே பருவத்தில் தோல்வியே இல்லாமல் மூன்றாம் பிரிவுப் பட்டத்தை வென்றார். ஆண்கள் கால்பந்து அணியை என்சிஏஏ பட்டத்துக்கு இட்டுச்சென்ற முதல் பெண் அவர். அவருடைய அணியில் பெரும்பாலோர் அவருக்கு முன்பே அங்கு வந்திருந்தவர்கள். பிறர் சேர்த்த இளைஞர்களின் நம்பிக்கையை ஒரே கோடையில் பெறுவது எத்தகைய வேலை என்பது, அதில் தோற்ற எனக்கு நன்றாகவே தெரியும்.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் சம்பளத்துக்கு முன்னால் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். புதியவர்களின் இலக்கு எத்தனை, அது எழுத்தில் இருக்கிறதா? முழுநேர உதவியாளர் உண்டா? மாணவனின் மதிப்பெண்களைக் கோடையிலேயே சேர்க்கை அலுவலகம் பார்த்து வாய்ப்பைச் சொல்லுமா, அல்லது விண்ணப்பம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? இரவுப் பயணத்துக்குப் பேருந்தும் ஓட்டுநரும் தருவார்களா? கடைசிக் கேள்வியை நான் கேட்கத் தவறியதால் முதல் மூன்று பருவங்களும் ஆட்டம் முடிந்து நள்ளிரவில் மலைப்பாதையில் பன்னிரண்டு பையன்களை வைத்து நானே வேன் ஓட்டினேன். ஒருநாள் கண் அசந்துவிட்டது. சாலையோர அதிர்வுக் கோட்டில் சக்கரம் ஏறிய அதிர்வு என்னை எழுப்பியது. அடுத்த காலையே ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெற்றோருக்கு நாம் சொல்லாமலே கொடுக்கும் வாக்குகளில் அதுதான் முதலாவது.

பயிற்சி உரிமங்களை டி, சி, பி என்று படிப்படியாக முடிப்பதும், ஜனவரியில் நடக்கும் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் சங்க மாநாட்டுக்குப் போய் மனிதர்களைத் தெரிந்துகொள்வதும் தேவையானவையே. அவற்றைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். பொறுமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஜெரி யேக்லி 1963-இல் இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அங்கே கால்பந்துக்கு அதிகாரபூர்வமான அணி இல்லை. வெறும் மன்றமாக இருந்தது. பத்து ஆண்டுகள் அப்படியே நடத்தி, 1973-இல்தான் பல்கலைக்கழக அணி என்ற தகுதியைப் பெற்றார். பிறகு ஆறு தேசியப் பட்டங்கள். கடைசிப் பட்டத்தை 2003-இல், ஓய்வு பெறும் பருவத்திலேயே வென்றார். எங்கள் பிரிவில் ஜே மார்ட்டின் 1977-இல் ஓஹையோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே இருந்தார். முதல் தேசியப் பட்டம் கிடைத்தது 1998-இல். ஒரே இடத்தில் நீண்டகாலம் இருப்பவரின் வார்த்தையைப் பழைய மாணவர்களிடம் விசாரித்துப் பார்க்க முடியும் என்பதை நான் இப்போது பெரிய சொத்தாக நினைக்கிறேன்.

நாமே நிறைவேற்ற முடியாத வாக்குகளும் உண்டு. 2020 ஆகஸ்டில் பெருந்தொற்றால் எங்கள் பிரிவின் இலையுதிர்காலத் தேசியப் பட்டப் போட்டிகள் ரத்தாயின; எங்கள் பருவமும் போனது. இறுதியாண்டுப் பையன்கள் ஆறு பேர். இழந்த பருவத்துக்குப் பதிலாகத் தகுதியை என்சிஏஏ திருப்பிக் கொடுத்தது. ஆனால் இன்னோர் ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டுவது? இருவர் மட்டும் தங்கினார்கள். மற்ற நால்வருக்காகவும் ஏப்ரலில் எங்களுக்குள்ளேயே இரண்டு அணி பிரித்து, மைதானத்தில் முழுக் கோடு போட்டு, நடுவர் வைத்து, தொண்ணூறு நிமிட ஆட்டம் ஒன்றை நடத்தினோம். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லாததால் பெற்றோர் வேலிக்கு அப்பால் கார்களின் மேல் நின்று பார்த்தார்கள். அதற்கு ஈடு எதுவும் இல்லை என்று அவர்களிடம் சொன்னேன். வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓஹையோப் பையன் இப்போது ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறான்; மாலையில் அங்கே கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். சென்ற ஆண்டு பிப்ரவரியில் என்னை அழைத்தான். அவனிடம் பயிலும் ஒரு மாணவனுக்கு எங்கள் கல்லூரியில் விருப்பம் இருப்பதாகச் சொல்லிவிட்டு, “கோச், உங்களிடம் இப்போது எத்தனை கோல்கீப்பர்கள்?” என்று கேட்டான். மூன்று பேர், அவர்களில் இருவர் இன்னும் இரண்டு ஆண்டுகள் இருப்பார்கள், மாறி வர விரும்பும் ஒருவனோடும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவன் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. “நன்றி, அவனிடம் இப்படியே சொல்கிறேன்” என்றான். அந்த மாணவன் எங்களிடம் வரவில்லை. செப்டம்பரில் அதே மாணவனின் தம்பியைப் பற்றிச் சொல்ல ஓஹையோப் பையன் மறுபடியும் அழைத்தான். தம்பி நடுக்கள ஆட்டக்காரன், அடுத்த வாரம் அவனைப் பார்க்கப் போகிறேன்.